டோன் வேட்டை: ஒரு சிவப்புக் கிட்டாரும் அதன் நகல்களும்

1963 ஆகஸ்டில், லண்டனின் மேற்குப் புறநகர் வீடொன்றில் பதினாறு வயதுப் பையனும் அவன் அப்பாவும் ஒரு மின்கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். பையன் ஆசைப்பட்டது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு. அதன் விலை குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. அப்பா ஹரால்ட் மே மின்னணுத் துறையில் வரைபட வேலை பார்த்தவர். எதையும் பிரித்துப் பார்த்து மறுபடி பூட்டத் தெரிந்த கை. யாரோ கழித்துக்கட்டிய பழைய கணப்பின் மஹோகனிச் சட்டம் கிட்டாரின் கழுத்தானது. நூறாண்டைத் தாண்டிய அந்தக் கட்டையைப் புழு அரித்திருந்தது. துளைகளைத் தீக்குச்சி செருகி அடைத்தார்கள். உடலின் நடுப்பகுதி ஒரு பழைய ஓக் மேசையிலிருந்து வந்தது. விரற்பலகையில் பதித்த வெண்புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுருதியை அசைக்கும் டிரெமொலோவின் சுருள்வில்கள் இரண்டும் 1928ஆம் ஆண்டுப் பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு வில்கள். கைப்பிடி சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி, அதன் நுனி பின்னல் ஊசி. மொத்தச் செலவு சுமார் 8 பவுண்டு.

பையனின் பெயர் பிரையன் மே. கிட்டாருக்குப் பின்னாளில் 'ரெட் ஸ்பெஷல்' என்று பெயர் வந்தது. குயீன் குழுவின் இசைத்தட்டுகளில் பெரும்பாலும் நாம் கேட்பது அதைத்தான். அன்று அடித்த ஃப்ரெட் கம்பிகள் அநேகமாக அப்படியே இருக்க, அது இன்றும் மேடையேறுகிறது. காசில்லாததால் பிறந்த அந்தப் பொருளின் நகலைச் சில நூறு பவுண்டு முதல் பல ஆயிரம் பவுண்டு வரை கொடுத்து வாங்க இன்று உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாங்குவது மரத்தையும் சாயத்தையும் மட்டுமல்ல. அந்தக் குரல் தங்கள் கைக்கு வரும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். கிட்டார்க்காரர்கள் அந்தக் குரலை 'டோன்' என்பார்கள்.

நகல் கிட்டார் வணிகத்தைச் சில காலமாகக் கவனித்துவரும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கண்ணில் படும் அம்சங்களுக்கே அதிக விலை. அவை ஓசைக்குத் தரும் பங்கு மிகக் குறைவு. ஓசையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்தவை, மலிவானவை, சில வேளை குப்பையில் கிடந்தவை.

பீட்டர் கிரீனின் கிட்டாரைப் பார்த்தால் இது சட்டென விளங்கும். ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய கிரீனிடம் 1959ஆம் ஆண்டு கிப்சன் லெஸ் பால் ஒன்று இருந்தது. பின்னால் கேரி மூரிடம் போய், 2014இல் மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் வந்து சேர்ந்தது. கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்கள் இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் நடு நிலையில் அதற்கு மூக்கடைத்தாற்போன்ற, உள்ளீடற்ற ஒரு குரல் உண்டு. வேறெந்த லெஸ் பாலிலும் அது வரவில்லை. அந்தக் கிட்டாரை உற்றுப் பார்த்தவர்கள் கழுத்துப் பக்கத்துப் பிக்கப் திருப்பி மாட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்று பலரும் தங்கள் கிட்டாரில் பிக்கப்பைக் கழற்றி அரைவட்டம் திருப்பி மாட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் முடியாது. ஒரு சுருளை அதன் இடத்திலேயே அரைவட்டம் திருப்பினால் காந்தத்தின் திசையும் மாறாது, மின்னோட்டத்தின் திசையும் மாறாது. உண்மைக் காரணம் மூடிக்குள் இருந்தது: அந்தப் பிக்கப்பின் காந்தத் துண்டு வடக்கு தெற்காக மாறிக் கிடந்தது. அதனால் இரு பிக்கப்களின் மின்னலைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. அடிக்குரல் பெரும்பகுதி அழிந்து, நடு உச்ச அதிர்வுகளே எஞ்சின. ஒரு திருப்புளியும் சூட்டுக்கோலும் சிறிது நேரமும் இருந்தால் எந்த லெஸ் பாலிலும் இதைச் செய்துவிடலாம். ஆனால் கிப்சன் 2023இல் அந்தக் கிட்டாரின் அதிகாரபூர்வ நகலை வெளியிட்டபோது விலையை ஏற்றியது காந்தமல்ல, பெயர்.

ரெட் ஸ்பெஷலிலும் இதே எதிர்நிலை இணைப்பு உண்டு. இங்கே அது தெரிந்தே செய்தது. மூன்று பிக்கப்களுக்கும் தனித்தனியே அணைக்கும் சுவிட்ச், தனித்தனியே அலைநிலை மாற்றும் சுவிட்ச் என்று ஆறு. 'போஹீமியன் ராப்சடி'யின் தனியாவர்த்தனத்தில் கழுத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் எதிர்நிலையில் இணைந்திருந்தன. வழக்கமான கிட்டார்களில் பிக்கப்கள் பக்க இணைப்பில் இருக்கும். இதில் தொடர் இணைப்பு. அதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பிக்கப் என்பது காந்தத்தின்மேல் ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றிய மெல்லிய கம்பி. அதற்கு மின்தூண்டல் உண்டு. அதோடு இணையும் கேபிளுக்கு மின்தேக்கம் உண்டு, மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்ந்து ஓசையில் ஒரு மேட்டை எழுப்பும். அதற்கு மேலே ஓசை சரிந்துவிடும். 2.5 ஹென்றி தூண்டலுள்ள ஒற்றைச் சுருள் பிக்கப்பை மொத்தம் 600 பிக்கோஃபாரட் தேக்கத்தோடு வைத்தால் அந்த மேடு 4,100 ஹெர்ட்ஸ் அருகே விழும். அதே கேபிளில் இன்னும் ஐந்து மீட்டர் கூட்டினால் 3,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியே இதுதான். இந்த இறக்கம் எவர் காதுக்கும் தப்பாது. கேபிளை நீட்டாமல் இரு பிக்கப்களைத் தொடராக இணைத்தாலும் தூண்டல் இரட்டித்து மேடு ஏறத்தாழ 2,900க்கு வந்துவிடும். ரெட் ஸ்பெஷலின் தடித்த, தொண்டை திறந்து பாடுவது போன்ற குரலில் பெரும்பங்கு இந்தத் தொடர் இணைப்பினுடையது. கிட்டாருக்கு ஆயிரங்களைச் செலவழித்துவிட்டு, கையில் கிடைத்த கேபிளைச் செருகி, டோன் வரவில்லையே என்று குறைபடுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிக்கப்களைக்கூட மே முதலில் தானே செய்தார். ஆனால் அடுத்தடுத்த காந்த முனைகள் வடக்கு, தெற்கு என மாறிமாறி இருந்தன. கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுக்கும்போது அது ஒரு முனையிலிருந்து எதிர்முனைக்கு நகர்வதால் இடையில் வினோதமான இரைச்சல் எழுந்தது. கடைசியில் பர்ன்ஸ் நிறுவனத்தின் 'ட்ரை-சானிக்' பிக்கப்கள் மூன்றை வாங்கினார். அவை சத்தத்தில் கீச்சிடாமலிருக்க உள்ளே அரால்டைட் பசையை ஊற்றி இறுக்கினார். உடலுக்குள்ளோ வேண்டுமென்றே வெற்றறைகள் விட்டிருந்தார்கள், ஆம்ப்பின் முன்னால் நின்றால் கிட்டார் தானாக எதிரொலித்துப் பாட வேண்டுமென்று. வேண்டாத கீச்சலை அடக்கி, வேண்டிய பின்னூட்டத்தை மட்டும் விட்டுவைத்த அந்த வேலை ஒரு பையனுடையது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

நகல்களின் வரலாறு 1970களிலேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் ஜான் பர்ச் செய்து கொடுத்த நகலை மே மாற்றுக் கிட்டாராக வைத்திருந்தார். பனி மூடிய தோட்டத்தில் எடுத்த 'வீ வில் ராக் யூ' காணொளியில் அவர் கையில் இருப்பது அதுதான். உண்மையான கிட்டாரைக் குளிரில் வெளியே எடுக்க மனமில்லை. வடிவத்தில் ஏறக்குறைய அண்ணன் தம்பி. ஓசையில் அல்ல, சுருதியும் நிலைக்கவில்லை. 1982இல் அமெரிக்க மேடையொன்றில் மே அதைத் தூக்கி எறிய, உடைந்தது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் கில்ட் நிறுவனம் ஒரு வணிக நகலைக் கொண்டுவந்தது. அதில் டிமார்ஸியோ பிக்கப்களும் காலர் டிரெமொலோவும் இருந்தன. அக்காலத்து நாகரிகம் அது. 2001இல் பர்ன்ஸ் பெயரில் கொரியாவில் தயாரான மலிவு நகல் வந்தது. அதில் மூலக் கிட்டாரின் கத்திமுனை டிரெமொலோ இல்லை, கணப்புக் கட்டை இல்லை. ஆனால் ட்ரை-சானிக் பிக்கப்கள், தொடர் இணைப்பு, ஆறு சுவிட்ச், 24 அங்குலக் கம்பி நீளம் எல்லாம் இருந்தன. என் காதுக்கு, பத்தடி தள்ளி நின்று கேட்டால், கில்ட்டைவிட இதுதான் இசைத்தட்டுக்கு நெருங்கி வருகிறது.

கம்பி நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெண்டரின் 25.5 அங்குலத்தோடு பார்க்க இது ஒன்றரை அங்குலம் குறைவு. அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசை பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். மே பயன்படுத்துவது 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய கம்பிகள். அவருடைய நீண்ட, நடுங்கும் இழைவுகள் இந்தத் தளர்ந்த கம்பியில் பிறந்தவை.

முழுமையான நகல் என்ற ஆசைக்கு மிக அருகே போனவர் ஆஸ்திரேலியரான கிரெக் ஃப்ரையர். 1990களின் நடுவில் மூலக் கிட்டாரை அங்குலம் அங்குலமாக அளந்து மூன்று நகல்கள் செய்தார். அவற்றுக்கு ஜான், பால், ஜார்ஜ் பர்ன்ஸ் என்று பெயர். முதல் இரண்டும் மேயிடம் போயின. அவரே மேடையில் மாற்றாக வைத்துக்கொண்டார். 1998இல் மூலக் கிட்டாரைப் புதுப்பிக்கும் பொறுப்பும் ஃப்ரையருக்கே வந்தது. அவர் வேலையின் அருமை, அளவுகளோடு நின்றுவிடாமல் கிட்டாருக்கு அடுத்து என்ன இருக்கிறது என்று கேட்டதில் இருக்கிறது.

அடுத்து இருந்தது ரோரி கேலகரிடம் கற்ற பாடம். டேஸ்ட் குழுவோடு லண்டன் மார்க்கீ கிளப்பில் வாசித்த அந்த அயர்லாந்துக்காரரைக் கேட்டு மயங்கிய மே, கச்சேரி முடிந்ததும் நேரே போய் அந்த ஓசை எப்படி வருகிறது என்று விசாரித்தார். கேலகர் ஒளிக்காமல் காட்டினார்: வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப், அதன் முன்னால் டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற சிறு ட்ரெபிள் பூஸ்டர் பெட்டி. ஆக, இன்று ஆயிரக்கணக்கானோர் துரத்தும் டோனும் இன்னொருவர் டோனைத் துரத்திப் போனதில்தான் தொடங்கியது. ஒரு வேற்றுமை: மே கேலகரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தேடிப் போகவில்லை. மின்சுற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் கிட்டாரோடு இணைத்தார்.

ரேஞ்ச்மாஸ்டருக்குள் ஒரேயொரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், வழக்கமாக ஓ.சி.44. நுழைவாயிலில் உள்ள சிறிய மின்தேக்கி அடிக்குரலை வடிகட்டிவிட, மேல்குரல் மட்டும் பலமடங்காகி ஆம்ப்புக்குள் போகும். ஏ.சி.30 நான்கு ஈ.எல்.84 வால்வுகளில் ஓடும் 30 வாட் ஆம்ப். அதை முழுச் சத்தத்துக்குத் திருகினால் அடிக்குரல் குழம்பிச் சேறாகும். பூஸ்டர் அடிக்குரலை முன்கூட்டியே குறைத்துவிடுவதால் ஆம்ப் திணறியும் தெளிவாகத் திணறுகிறது. கிட்டாரின் சத்தக் குமிழைச் சற்றுக் குறைத்தால் ஓசை சுத்தமாகும்; கூட்டினால் வயலின் போல நீளும். இதே ஏற்பாட்டை ஒரு அடுக்ககத்து அறையில், பக்கத்து வீட்டாரை எழுப்பாமல் வாசித்தால் வேறொன்றாகத்தான் கேட்கும். வால்வு திணறாதது பாதிக் காரணம். மனிதக் காது குறைந்த சத்தத்தில் அடிக்குரலையும் உச்சிக்குரலையும் மங்கலாகவே கேட்கும் என்பது மீதிக் காரணம். இதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

ஜெர்மேனியமோ பிடிவாதக்காரத் தனிமம். ஒரே எண் பொறித்த இரு டிரான்சிஸ்டர்களின் பெருக்கமும் கசிவும் ஒன்றாக இருக்காது. மேடை விளக்கின் சூட்டில் அவையும் மாறும். அதனால் நல்ல பூஸ்டர் செய்பவர்கள் ஒரு கைப்பிடியை அளந்து பார்த்து ஒன்றைப் பொறுக்குகிறார்கள். இந்த வேலைக்கு விளம்பரத்தில் இடமில்லை, படம் எடுத்துக் காட்டவும் முடியாது.

நகல் வேட்டையில் மிகக் கடினமான இரை கிட்டார் அல்ல, 'டீக்கி' என்ற சிறு பெட்டி. 1970களின் தொடக்கத்தில் குயீனின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் லண்டன் தெருவோரக் குப்பைத் தொட்டியொன்றில் ஒரு மின்சுற்றுப் பலகையைக் கண்டெடுத்தார். மின்னணுவியல் படித்தவர் அவர். அதைப் புத்தக அலமாரியில் வைக்கும் அளவுள்ள ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்தார். சத்தக் குமிழ் கிடையாது, டோன் குமிழும் கிடையாது. மே தன் கிட்டாரையும் பூஸ்டரையும் அதில் செருகிப் பார்த்தபோது செல்லோவும் ட்ரம்பெட்டும் கலந்தாற்போல ஒரு குரல் வந்தது. 1974இன் 'ப்ரோசெஷன்', 1975இன் 'குட் கம்பெனி' போன்றவற்றில் கேட்கும் கிட்டார் வாத்தியக்குழு இந்தப் பெட்டியிலிருந்து வந்தது.

மூன்று கிட்டார்களைச் செய்து முடித்த ஃப்ரையர் இதையும் நகலெடுக்க முயன்றார். சுற்றுப்படம் கையிலிருந்தும் கிட்டத்தட்ட என்ற அளவைத் தாண்டவில்லை. பின்னர் நைஜல் நைட் என்ற பிரிட்டிஷ் மின்னணுப் பொறியாளர் இதைக் கையிலெடுத்துப் பல ஆண்டு செலவிட்டார். அந்தப் பலகை ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் தயாரான சூப்பர்சானிக் பி.ஆர்.80 என்ற கையடக்க வானொலியிலிருந்து வந்தது என்று தெரியவந்தது. டிரான்சிஸ்டர்களைப் போலவே அதிலிருந்த இரு சிறு டிரான்ஸ்ஃபார்மர்களும் ஓசையின் சூத்திரதாரிகள். அதிக விசையில் அவற்றின் இரும்பு உட்கரு நிறைவடைந்து அலையை மழுக்கும்; அந்த மழுங்கல்தான் செல்லோ. விலை குறைய வேண்டுமென்று எந்தத் தொழிற்சாலையோ சிக்கனமாகச் சுற்றிய பொருளை அதே சிக்கனத்தோடு மறுபடி சுற்ற வைப்பதுதான் நைட்டின் பெரும்பாடாக இருந்தது. அவர் கடைசியில் வென்றார். நகல் விற்பனைக்கும் வந்தது. என் பார்வையில், இந்தத் துறையின் உண்மையான ஆய்வுச் சாதனை என்றால் இதைத்தான் சொல்வேன்.

மாறாக, ஃபெண்டர் 2007இல் வெளியிட்ட கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனின் கிட்டார் நகலைப் பாருங்கள். 'ஃப்ராங்கன்ஸ்டைன்' என்ற அந்தக் கோடுபோட்ட சிவப்புக் கிட்டார் 300 மட்டும். ஒன்று 25,000 டாலர். ஒவ்வொரு சிகரெட் சூடும் ஒவ்வொரு கீறலும் அப்படியே. டிரெமொலோவின் அடியில் எடி முட்டுக் கொடுத்திருந்த 1971ஆம் ஆண்டுக் கால் டாலர் நாணயமும் அதே ஆண்டுக்குத் தேடி வைக்கப்பட்டது. ஆண்டு மாறினால் முட்டு மாறுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வேடிக்கை இதோடு முடியவில்லை. எல்லோரும் துரத்தும் எடியின் 'பழுப்பு ஓசை' 1978இல் வந்த வான் ஹேலன் குழுவின் முதல் இசைத்தட்டினுடையது. அப்போது அந்தக் கிட்டாரில் சிவப்பே கிடையாது, கறுப்பும் வெள்ளையும்தான். பூட்டும் வகை டிரெமொலோவும் அதன் அடியில் நாணயமும் பின்னால் வந்தவை. அந்தத் தட்டின் சில பாடல்களில் ஒலிப்பது வேறு கிட்டார், ஐபனெஸ் டெஸ்ட்ராயர். கிட்டாரை இடப்பக்கமும் அதன் எதிரொலியை வலப்பக்கமும் வைத்த ஒலிப்பதிவாளர் டான் லேண்டியின் ஏற்பாட்டை எந்த நகலிலும் பெட்டியில் வைத்துத் தர முடியாது. ஆம்ப்புக்கு வரும் மின்னழுத்தத்தை எடி 90 வோல்ட் அளவுக்குக் குறைத்து ஓட்டினார். பேட்டிகளிலோ கூட்டுவதாகப் பேசினார். அதை நம்பி ஆம்ப்பைக் கருக்கியவர்களைப் பற்றி கிட்டார் உலகில் இன்றும் கதை சொல்வார்கள்.

அப்படியானால் மரத்துக்குப் பங்கே இல்லையா? இந்தச் சண்டை ஓயாது. நாஷ்வில் கிட்டார் கலைஞர் ஜிம் லில் இரண்டு வேலை மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, உடலே இல்லாத 'கிட்டாரை' வாசித்துப் பதிவு செய்தார். பிக்கப்பும் அதன் இடமும் உயரமும் ஒன்றாக இருந்தவரை நல்ல கிட்டாரிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினமாகவே இருந்தது. மறுபக்கம், 1990களில் ஜெர்மானியரான ஹெல்முட் ஃப்ளைஷர் கிட்டார்க் கழுத்துகளை அளந்தார். கழுத்து சில அதிர்வெண்களில் கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது, அந்த ஃப்ரெட்டில் மட்டும் ஸ்வரம் சீக்கிரம் சாகிறது என்று காட்டினார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஓசையின் நிறத்தைவிட அதன் நீளத்தில்தான் மரத்துக்கு அதிகச் சொல் இருக்கிறது. ரெட் ஸ்பெஷலின் கழுத்து அசாதாரணப் பருமன். அதன் நீண்ட ஒலிக்குக் கணப்புக் கட்டையின் வயதைக் காரணம் காட்டுவதைவிடப் பருமனைக் காட்டுவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

பிறகு கை. கிட்டார் கலைஞர் டெட் நுஜென்ட் தானே சொல்லும் கதை ஒன்று உண்டு: எடியின் கிட்டாரை எடியின் ஆம்ப்பிலேயே வாசித்துப் பார்த்தார், வந்தது நுஜென்டின் ஓசை. இந்தக் கதையைச் சொல்லி எல்லாம் விரலில்தான் என்று முடித்துவிடுபவர்கள், நைட் அந்த டிரான்ஸ்ஃபார்மர்களோடு பட்ட பாட்டை மறந்துவிடுகிறார்கள். கையையும் பகுத்துப் பார்க்க முடியும். மே பிளாஸ்டிக் வில்லையால் மீட்டுவதில்லை. பழைய ஆறு பென்னி நாணயத்தால் மீட்டுகிறார். அது வளையாது. அதனால் கம்பியின் எதிர்ப்பு முழுவதும் விரலுக்குத் தெரியும். நாணயத்தின் ரம்ப விளிம்பைக் கம்பிக்குச் சாய்த்தால் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்திலும் ஒரு சொரசொரப்பு வரும். தட்டையாகப் பிடித்தால் அது மறைந்துவிடும். 1980இல் செல்லாக்காசாகிவிட்ட அந்த நாணயம் இன்றும் மலிவாகக் கிடைக்கிறது.

கடைசியாக ஒன்று, பெரும்பாலான வேட்டைக்காரர்கள் கவனிக்காதது. 'கில்லர் குயீன்' பாடலிலோ 'குட் கம்பெனி'யிலோ கேட்பது ஒரு கிட்டாரின் ஓசையே அல்ல. மே ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 'குட் கம்பெனி'யில் பழைய ஜாஸ் குழுவைப் போல ஒலிக்க வேண்டுமென்று கிளாரினெட் எப்படி மூச்சுவிடும், ட்ரம்போன் எப்படிச் சறுக்கும் என்று பார்த்துப் பார்த்து வாசித்தார். அந்தப் பாடலின் கிட்டாரை நகலெடுக்க வேண்டுமென்றால் முதலில் ஜாஸ் குழுவைக் கேட்டுப் பழக வேண்டும்.

இந்த ஓசை வேண்டுமென்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் ஆறு பென்னி நாணயமும் மெல்லிய கம்பியும். அடுத்து அளந்து பொறுக்கிய ஜெர்மேனியம் பூஸ்டர். பிறகு ஏ.சி.30 வகை ஆம்ப்பும் அதைத் திறந்துவிட ஓர் இடமும். கையிலிருக்கும் கிட்டாரின் பிக்கப்களைத் தொடர் இணைப்புக்கு மாற்ற அரைமணி நேரச் சூட்டுக்கோல் வேலை போதும். இவ்வளவும் ஆன பிறகும் பணம் மிச்சமிருந்தால் சிவப்புக் கிட்டாரைத் தாராளமாக வாங்கலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.